தான்சானியாவில் ஒரு தேங்காய்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இல்லை என்பார்கள். அப்பா தான்சானியா வரைக்கும் போனார். அங்கே தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை மாரியம்மன் நோம்பிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். நான் நான்காவது முடித்த லீவில் அம்மாவையும் என்னையும் அங்கே வரவழைத்தார். விமானத்தில் நான் கண்ணை மூடவில்லை. அம்மாவையும் மூட விடவில்லை.

போன மறுநாளே அப்பாவுக்கு வேலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் ஓர் இல்லத்தில் போர் போட வேண்டும். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காரணம் இருந்தது. எங்கே போர் போட்டாலும் அந்த வீட்டுப் பிள்ளை கையால் தேங்காய் உடைத்துத்தான் அப்பா வண்டியைக் கிளப்புவார். எங்கள் வீட்டிலோ நான் பிறப்பதற்கு முன்பே போர் போட்டாகிவிட்டது. அந்த இல்லத்தில் அப்பா அம்மாவே இல்லை என்றால் வீட்டுப் பிள்ளை ஏது? ஆக, தேங்காய் எனக்குத்தான். மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக யாரையும் தொட விடவில்லை.

ரிக் வண்டியைக் கண்டதுமே பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா கற்பூரம் ஏற்றினார். பிறகு என் கையிலிருந்த தேங்காயை வாங்கி, முன்னால் நின்ற மஞ்சள் ஸ்வெட்டர் சிறுமியிடம் கொடுத்துவிட்டார். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

“இது அவங்க ஊடு சாமி. அந்தப் புள்ளைதான் ஒடைக்கோணும்,” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வருசத்துக்கு ஒருக்காதான் ஊட்டுக்கு வாரீங்க. இங்க வந்தும் இன்னொரு புள்ளைக்குத்தான் குடுக்கறீங்க,” என்றேன்.

நான் ஏன் அழுகிறேன் என்று அந்தச் சிறுமி கேட்டாள். அப்பாவிடம் வேலை பார்த்த மாமாவுக்கு அந்த ஊர்ப் பேச்சு அத்துப்படி. நான் சொன்னதை அப்படியே அவளிடம் ஒப்பித்துவிட்டார். அவள் கண்கள் அகல விரிந்தன. திருப்பி ஏதோ கேட்டாள்.

“உங்கப்பா வருசாவருசம் ஊட்டுக்கு வருவாங்களான்னு கேக்குது கண்ணு,” என்றார் மாமா.

“ஆமா. ஒரு வருசங்கூடத் தப்பாது,” என்றேன், முறைத்துக்கொண்டே.

அவள் தேங்காயை என் கையில் வைத்தாள். நேரே போய் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று ஓங்கிப் போட்டேன். சரிபாதியாக உடைந்தது. வண்டி உறுமியது. முதலில் வெள்ளைப் புழுதி, பிறகு சேறு, மதியத்துக்கு மேல் தண்ணீர் பீறிட்டு அடித்தது. குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களோடு நானும் நனைந்து, குதித்து, தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அவள் மட்டும் தண்ணீருக்கு வரவில்லை. தள்ளி நின்று வேலை சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் விரலை அவள் விடவே இல்லை. அப்பாவும் கையை உருவிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியெல்லாம் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை நன்றாக ஏமாந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.