மூங்கில் பேருந்தில் நாலரை கிலோமீட்டர்

இதுவரை இங்கே மலைக்கும் கடலுக்கும் போய்வந்த கதைகளைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை நாலரை கிலோமீட்டர் மட்டும். நசரத்பேட்டை நெடுஞ்சாலை நிறுத்தத்தில் தொடங்கி, எங்கள் குடியிருப்பின் கடைசித் தெருவில் முடிந்த பயணம் அது. நாள், 1993 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன வாரம் ஒரு வாசகர், தங்கள் ஊருக்குப் பேருந்து கேட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகப்போவதாகவும், முன்னனுபவம் உள்ளவர்கள் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவருக்காக இது.

அப்போது நான் பூந்தமல்லியில் ஆசிரியராக இருந்தேன். எங்கள் குடியிருப்பில் மூன்று பகுதிகள். சாலையிலிருந்து வரும்போது முதலில் குளம், அதையடுத்து ஆவடித் தொழிற்சாலை ஊழியர்கள் மனை வாங்கிக் கட்டிய வீடுகள், என் வீடும் அங்கேதான். அதற்கு அப்பால் முஸ்லிம் குடும்பங்களின் தெரு. கடைசியில் வயல்வேலை செய்பவர்களின் தெரு. குளத்திலிருந்து கடைசித் தெருவுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர், வழியில் ஒரு பிராந்திக் கடை. அதைத் தாண்டி நடக்கவேண்டும் என்பதாலேயே, எட்டாம் வகுப்பு முடிந்ததும் பின்னிரண்டு தெருக்களின் பெண்பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடுவார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஷமீம் என்று ஒரு மாணவி, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை. அவள் அப்பா கரீம் பாய் கதவு, ஜன்னல் செய்யும் தச்சர். ஜூனுக்குள் தெருவுக்குப் பேருந்து வந்தால் ஒன்பதாவது படிக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கட்டும் என்று என்னிடம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மூன்று பகுதிகளும் சேர்ந்து சங்கம் வைத்ததே அதற்கு முந்தைய வருடம்தான். மல்லிகா செயலாளர். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர், தையல் வேலை, எதையும் முகத்துக்கு நேரே கேட்பவர். நாலு முறை பேருந்துப் பணிமனைக்குப் போனோம். சாலை குறுகல், வளைவுகளில் பேருந்து திரும்பாது என்பதே பதில். திரும்பும் என்று காட்டிவிட்டால் என்ன என்று கேட்டவர் மல்லிகாவின் கணவர் தேவராஜ். ஆவடியில் டாங்கிகள் பொருத்தும் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். முப்பத்தாறு அடி நீளம், எட்டேகால் அடி அகலத்தில் மூங்கிலால் ஒரு சட்டம் கட்டுவது, அதை ஆட்கள் தூக்கிக்கொண்டு முழு வழியும் நடப்பது. இதுதான் அவர் திட்டம். ஒவ்வொரு வளைவுக்கும் வரைபடம்கூடப் போட்டுவைத்திருந்தார்.

காலை 7.10க்கு நசரத்பேட்டையிலிருந்து கிளம்பினோம். மூங்கில் வாடகை அறுபது ரூபாய், தேநீர் ஆளுக்கு எழுபத்தைந்து காசு. தூக்கியவர்கள் முப்பத்திரண்டு பேர், பாதிப்பேர் பெண்கள். அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திராத தெருக்காரர்கள் ஒரே மூங்கிலுக்குத் தோள்கொடுத்தார்கள். ஷமீம்தான் நடத்துநர். அவள் விசில் ஊதினால் நிற்பது, இரண்டு முறை ஊதினால் நடப்பது. பணிமனையிலிருந்து ஓர் இளம் பொறியாளரும் எத்திராஜ் என்ற மூத்த ஓட்டுநரும் வந்திருந்தார்கள். எத்திராஜ் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மூன்றேகால் கிலோமீட்டரில் குளத்து வளைவு. மணி 8.25. ஷமீம் ஊதினாள். சட்டத்தின் முன்பக்கம் இடது புறமாகவும் பின்பக்கம் வலது புறமாகவும் நகர, வரைபடத்தில் இருந்தபடியே அழகாகத் திரும்பிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எத்திராஜ் மட்டும் மதகில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, நண்டு புச்சிகினு வந்தியா? பஸ்ஸு இப்டி திரும்பாது. மூஞ்சி திரும்பும், பின்னாடி சக்கரம் உள்ளாற இழுத்துகினு வரும்."

தேவராஜ் முகம் வெளுத்துவிட்டது. டாங்கி நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு பக்கச் சங்கிலியை முன்னேயும் மறுபக்கத்தைப் பின்னேயும் ஓட்டினால் போதும். பதினான்கு வருடம் அதையே பார்த்த கண்ணுக்குப் பேருந்தும் அப்படியே திரும்பியிருக்கிறது! முப்பத்திரண்டு பேரில் பத்துப்பேர் அதே தொழிற்சாலை. அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் தினமும் பேருந்தில் போகிறவன், எனக்கும் தோன்றவில்லை.

பொறியாளர் குறிப்பெடுத்த தாளை மடிக்கப்போனார். அப்போது கரீம் பாய், தன் கைவண்டி வீட்டில் இருக்கிறது, சட்டத்தில் பின்சக்கரம் வரவேண்டிய இடத்தில் அதைக் கட்டிவிட்டால் பின்பக்கம் பக்கவாட்டில் நகரமுடியாதே என்றார். ஓடிப்போய்க் கொண்டுவந்து கட்டி முடிக்க ஐம்பது நிமிடம். எத்திராஜுக்கு அதற்குள் ஆசை வந்துவிட்டது. மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு, தானே முன்னால் நின்று வழிகாட்டினார். குளத்து வளைவை ஒரு சாண் இடைவெளியில் தாண்டினோம்.

அடுத்தது கடைசி வளைவு. இடது பக்கம் திரும்பினால் பின்னிரண்டு தெருக்கள். அந்த மூலையில் இருப்பது தேவராஜின் சொந்த வீடு. மதில்சுவர் அவரே வார இறுதிகளில் கட்டியது, மூலை கத்திபோல நேராக இருக்கும். பழைய வரைபடத்தின்படி சுவருக்கும் பேருந்துக்கும் ஓரடி இடைவெளி. கைவண்டிச் சக்கரம் நேரே சுவரில் போய் இடித்தது. பின்னுக்கு வந்து, அகலமாக எடுத்து இன்னொரு முறை திரும்பினோம். மறுபடியும் இடித்தது. எத்திராஜ் தலையை ஆட்டினார். ஷமீம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

பொறியாளர் நல்லவர்தான். குளத்தோரம் திடல் இருக்கிறது, பேருந்து அங்கே நின்று திரும்பிப் போகட்டும், இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றார். மனை வாங்கிய எங்களுக்கு அது போதும், வாசலில் பேருந்து. எங்களில் சிலர் தலையசைக்கவும் தொடங்கிவிட்டோம், நானும் ஒரு கணம் அசைத்தேன். கரீம் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்தெருப் பெண்கள் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

மல்லிகா உள்ளே போனார். வரும்போது கையில் கடப்பாரை. முதல் குத்து விழுந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

"இன்னாய்யா பாத்துகினு நிக்கறே? அவங்க தோள்ல தூக்கிகினு வந்த பஸ்ஸு, நம்ம ஊட்டாண்ட நின்னுடணுமா?"

தேவராஜ் சுவரின் மூலையை ஒரு முறை தடவிப்பார்த்தார். பிறகு கடப்பாரையை வாங்கிக்கொண்டார். "தள்ளு புள்ள. இத எங்க குத்துனா விழும்னு எனக்குத்தான் தெரியும்."

நாற்பது நிமிடத்தில் மூலையில் மூன்றடி காணாமல் போனது. செங்கல்லைக் கைமாற்றி அடுக்கியவர்கள் பின்தெருக்காரர்கள். 11.25க்கு ஷமீம் இரண்டு முறை ஊதினாள். மூங்கில் பேருந்து ஒரு சாண் இடைவெளியில் சுவரைக் கடந்து கடைசித் தெருவுக்குப் போய் நின்றது. வயல்வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஆரத்தி எடுத்தார்கள். பொறியாளர் அங்கேயே, எத்திராஜின் முதுகில் தாளை வைத்து, கடைசி நிறுத்தம்வரை பேருந்து இயக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் காலை 7.40க்குப் பேருந்து வந்தது. ஓட்டிவந்தவர் எத்திராஜ். மல்லிகா வீட்டு மூலையில் காரணமே இல்லாமல் மூன்று முறை ஒலிப்பானை அடித்தார். அன்று பின்னிரண்டு தெருக்களிலிருந்து பதினோரு பெண்பிள்ளைகள் ஏறினார்கள். ஷமீம் முன்வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நடத்துநரின் விசிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரீம் பாய் மகளைத் தனியே அனுப்பிக் கைகாட்டிவிட்டு வேலைக்கு நடந்து போனார், பேருந்தில் இடம் இருந்தும்.

இனி, கேட்ட வாசகருக்கு. மனுவை மட்டும் கொண்டுபோகாதீர்கள், முடியாது என்பவரை உங்கள் தெருவுக்குக் கூட்டிவாருங்கள். அதிகாரியோடு ஓட்டுநரும் வரட்டும், அவருக்குத்தான் சக்கரம் தெரியும். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், எலுமிச்சைச் சாறு இரண்டு குடம் வேண்டியிருக்கும். பாதி வழிக்கு வசதி தருகிறோம் என்று யாராவது சொன்னால், தலையை அசைக்கும் முன் கடைசித் தெருக்காரர் முகத்தை ஒரு தரம் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு வர விரும்பினால் பூந்தமல்லியில் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். குளம் தாண்டியதும் வளைந்த ஒரு மதில்சுவர் வரும். தேவராஜ் அந்த மூலையைப் பிறகு வட்டமாகப் பூசிவிட்டார், நேராக்கவே இல்லை. இடைவெளி இன்றைக்கும் ஒரு சாண்தான். அந்த இடத்தில் மட்டும் கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.