பாஸ் பாக்ஸில் வந்த மல்லிகை

தேனிக்குப் பக்கத்தில், வாழைக்கன்றைப் பாட்டிலுக்குள் வளர்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. செல்போன் வீட்டுக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். தேவாரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனைப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக விடவேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எனக்கு அத்தையாக வரவிருந்த அவருடைய அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது என்ன வேலை என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று, எனக்குப் பூ வைக்காமலே எழுந்து போய்விட்டார்.

சொன்னபடியே ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். வெளிநடை வரைக்கும்தான் அனுமதி. அங்கிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். உள்ளே நான் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத்துணிக்குள் இருந்தேன். மருமகளாக வரப்போகிறவளில் அவருக்குத் தெரிந்தது இரண்டு கண் மட்டும்.

எங்களுக்குச் சாமான் வருவது பாஸ் பாக்ஸ் வழியாக. சுவரில் பதித்த எவர்சில்வர் பெட்டி. வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. பாட்டில் கழுவும் அக்கா அதில் தட்டு வைப்பதையும் நான் எடுப்பதையும் அத்தை உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார். அக்கா அடுத்த தட்டெடுக்கப் போன நேரம் பார்த்து, மடியிலிருந்த பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். மல்லிகைப்பூ. அதுவும் வாழையிலையில் கட்டியது! வாழைக்கு வரும் நோயையெல்லாம் வெளியே நிறுத்தத்தான் அந்தப் பெட்டியே இருக்கிறது.

உள்போன் அடித்தது. அக்காதான். "ஏத்தா, அவுகளுக்குப் புடிச்சுப்போச்சு. பூவ வச்சிட்டாக. எடுக்கலேன்னா தப்பா நெனைப்பாக. என்ன செய்யப் போற?"

எனக்கென்ன தெரியும்? பழக்கதோஷத்தில் பெட்டிக்குள் இருக்கும் கிருமி கொல்லும் விளக்கைப் போட்டேன். நீல வெளிச்சம் பூமேல் விழுந்ததும் அத்தை பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வெளிச்சம் இலை மடிப்புக்குள் போகாது என்பதை அவருக்கு யார் சொல்வது? என் கை உள்கதவின் பிடிமேல் இருந்தது. கைநீட்டினால் கல்யாணம், வேலை இரண்டும் கிடைக்கும். என் பின்னால் அலமாரி அலமாரியாகக் கன்றுகள். பிடியை விட்டேன். இல்லை என்று தலையசைத்தேன். அத்தையின் முகம் விழுந்துவிட்டது.

அங்கியும் தொப்பியும் கழற்றாமல் வெளியே வர முடியாது. அவசரத்தில் முடிச்சு எங்கே அவிழ்கிறது? ஒருவழியாக ஓடிவந்தபோது அத்தை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் வெளிக்கதவைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைத்தேன்.

"பூவ வேணாம்னு சொல்லல, அத்தை. அந்தக் கதவு வழியா வேணாம்னேன். உள்ள வந்துட்டா அம்புட்டுக் கன்னும் அழுகிப்போயிரும்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் தலை குனிந்து நின்றேன். தொப்பி போட்டு நசுங்கி, வேர்வையில் ஊறிய தலை. பார்க்கச் சகிக்காது.

என் முதுகுக்குப் பின்னால் இலை பிரியும் ஒலி கேட்டது. பூவைச் சடையில் செருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்குப் பெறகு இங்கன வரும்போது, பூவ வீட்டுல கழட்டி வச்சிட்டு வா, ஆத்தா."

நான் தலையை நிமிர்த்தவில்லை. அழுகிறேன் என்று தெரிந்துவிடுமே.