இளங்கொடி விழும்வரை

பிறந்த கன்றின் வாய்க்குள் விரலை விட்டால் உள்ளே இளஞ்சூடாக இருக்கும். நாக்கு உப்புத்தாளைப் போலச் சொரசொரவென்று விரலைச் சுற்றிக்கொண்டு சப்பும். றக்வானப் பள்ளிக்கூடத்து மேல்வகுப்பில் விலங்கு வளர்ப்பைத் தொழிற்பாடமாக எடுத்த எங்களைக் கிழமைக்கு ஒருநாள் மிருக வைத்தியர் காரியாலயத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் முதலில் கற்றது இதைத்தான். வாய் குளிர்ந்திருந்தால் கன்றுக்கு ஆபத்து. "முலின்ம பொன்ன தென்ன" என்பார் அங்கிருந்த டாக்டர் மிஸ் சிங்களத்தில், முதலில் குடிக்கக் கொடுங்கள் என்று.

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்திலோ கதை தலைகீழ். மாட்டின் நஞ்சுக்கொடியை நாங்கள் "எளங்கொடி" என்போம். அது விழுமுன் கன்றை ஊட்டவிட்டால் கொடி மேலே ஏறித் தாய்மாடு செத்துவிடும் என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். டாக்டர் மிஸ்ஸோ, கன்று சப்பச் சப்பத்தான் கொடி சீக்கிரம் கழன்று விழும் என்றார். இதில் எது உண்மை என்று பார்த்துவிடும் குறுகுறுப்பில், எங்கள் செவலைப் பசு கன்று போடும் நாளுக்காகக் காத்துக் கிடந்தேன்.

முந்திய ஈற்றுக் கன்று ஒரு நாள்கூடத் தங்காமல் செத்துப்போயிருந்ததால், இந்த முறை கிடேரி பிறந்ததும் அம்மா சாமியைக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு அதைத் தூரமாகக் கட்டியும் வைத்தார். நேரம் ஆக ஆகக் கன்று தலையைத் தூக்கவில்லை, கொடியும் விழவில்லை.

"அவுத்து விடுங்கம்மா," என்றேன்.

"ஒனக்கென்ன, படிச்சிட்டு வந்து சொல்லுவ. மாடு செத்தா யாரு பொறுப்பு?"

அம்மாவின் விரலைப் பிடித்துக் கன்றின் வாய்க்குள் விட்டேன். "ஐயோ, சில்லுனு இருக்கே!" என்று பதறி, அவரே கயிற்றை அவிழ்த்தார். நிற்கமுடியாமல் தடுமாறிய கன்றை நான் தாங்கிப் பிடிக்க, அம்மா சீம்பாலை அதன் வாயில் பீச்சினார். மெல்ல மெல்லக் கன்று காம்பைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கொடியும் முழுசாக விழுந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அம்மாவோ சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, போன கன்னு பசியிலயா செத்துச்சு?"

இன்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லயத்து மாட்டுப்பட்டிகளில் பாதிக்குமேல் இல்லாமல் போய்விட்டன. அந்த வழக்கமும் அடியோடு போய்விட்டது, போனது நல்லதுதான். அண்மையில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி சிரித்தாள்.

"பொறந்த கன்ன பட்டினி போடுவாங்களா மிஸ்? அவ்வளவு கல்நெஞ்சா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கல்நெஞ்சு இல்ல. மாடு செத்துருமேன்னு பயம்," என்றேன்.

அந்தப் பயம் கொஞ்சமும் போகாமலேதான் அம்மா அன்று கயிற்றை அவிழ்த்தார்.