ஒன்று முதல் நான்கு வரை

வாசுதேவன் கட்டிய செயலி, ஒரு கோடி பேர் ஒரே நொடியில் வந்து கேட்டாலும் மூச்சு வாங்காது. ஏழு மாதத்தில் வந்து கேட்டவர்கள் பதினோரு பேர். அவர்களில் நாலு பேர் அவர் மனைவி கோதையின் அண்ணா குடும்பம். அவர்கள் இருப்பது திருச்சியில்.

செயலி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: புனேயில் நீங்கள் கேட்கும் கடை இப்போது திறந்திருக்கிறதா, இல்லையா. அந்த ஊர் ஐ.டி. பேட்டையான கராடியின் கண்ணாடிக் கட்டடங்களில் பதினேழு வருஷம் மென்பொருள் எழுதியவருக்கு இந்த யோசனை ஒரு மத்தியான வெயிலில் வந்தது. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க, ஸ்கூட்டரில் பழைய புனேயின் சதாசிவ் பேட் வரை போனார். கானேட்கர் எலெக்ட்ரிகல்ஸின் ஷட்டரில் பலகை தொங்கியது: 'ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும். தட்டினால் ஷட்டர் திறக்காது, வாய்தான் திறக்கும்.' புனேக்காரராக இருந்தால் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். வாசுதேவன் வேலையை ராஜினாமா செய்தார்.

கையிருப்பு குறைச்சல் என்பதால் சிக்கனமாகத் தொடங்கினார். அலுவலகம் சாப்பாட்டு மேஜை. தோசை வார்க்கும் நேரத்தில் அதையும் காலி செய்துவிடுவார். ஆனால் உள்நுழையும் பக்கத்துக்கு மட்டும் ஆறு வாரம் செலவழித்தார். ராத்திரியில் கண் கூசாமல் இருக்கக் கறுப்புத் திரை ஒன்றும் செய்தார். ராத்திரியில் எந்தக் கடையும் திறந்திருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

அதைவிடப் பெரிய விஷயமும் பிறகுதான் உறைத்தது. கடை திறந்திருப்பதைச் செயலிக்கு யார் சொல்வது? கடைக்காரர்கள் தினம் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தார். "ஷட்டர் தூக்கியிருக்கே, கண்ணு தெரியாதா?" என்றார்கள். ஆகவே முதல் வடிவம் இப்படி அமைந்தது: யாராவது கேட்டால் திரையில் ஒரு சக்கரம் சுற்றும், 'கணிக்கிறோம்' என்று எழுத்து வரும். அந்த நாற்பது நொடிக்குள் வாசுதேவன் கடைக்குப் போன் போட்டு விசாரித்து, பதிலைத் தட்டிவிடுவார். இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் செயற்கை நுண்ணறிவு.

கோதை வங்கி அதிகாரி. கெடு வைத்துப் பழகியவள். புனேக்கு வெளியே ரஞ்சன்காவில், ஒரு தொழிற்சாலையில் வாசுதேவனுக்கு மேலாளர் வேலை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். அதற்குள் யாராவது முதல் போட்டால் செயலி, இல்லாவிட்டால் ரஞ்சன்காவ். முதல் போடக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: பாபட். இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையை விற்றுவிட்டு, சின்னக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்துப் பொழுதுபோக்குகிற பெரியவர்.

"வெள்ளிக்கிழமை ரெண்டரைக்கா போறேள்? அவர் தூங்கற நேரமாச்சே."

"அப்போதான் கடையெல்லாம் மூடியிருக்கும். அப்போதான் நம்ம அருமை தெரியும்."

"நீங்க அங்க உக்காந்துண்டா, யார் போன் பண்றது?"

வாசுதேவன் கடைகளின் போன் நம்பர் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஓஹோ! நான்தான் அன்னிக்கு நுண்ணறிவா? அதுக்கு லீவு வேற போடணுமா?"

"ஒரே ஒரு நாள், கோதை. உன் மராட்டி நன்னா இருக்கும்."

பாபட் சிவந்த கண்ணோடு வரவேற்றார். முப்பத்தெட்டுப் படங்கள் கொண்ட விளக்கத்தில் நாலாவது படத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "என் மைத்துனன் கடையைக் கேட்கிறேன்" என்று அவரே தட்டினார். கானேட்கர் எலெக்ட்ரிகல்ஸ்.

சக்கரம் சுற்றியது. நாற்பது நொடி போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. வாசுதேவன் இணையத்தின் மேல் பழி போட்டார். ஐந்தாவது நிமிடத்தில் பதில் வந்தது: 'திறந்திருக்கிறது.'

"கானேட்கரா? இந்த நேரத்திலா?" பாபட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்குள் அவர் போன் அடித்தது. கானேட்கர்தான். தூக்கம் கெட்ட குரல் அறை முழுக்கக் கேட்டது. "யாரோ ஒரு அம்மா! ஒன்பது தடவை போன்! வங்கியிலிருந்து பேசுகிற மாதிரி அதட்டிக் கேட்கிறாள், கடை திறந்திருக்கா, இல்லையான்னு. ஏதோ தீப்பிடித்துவிட்டதென்று பனியனோடு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினால், தெருவில் ஒரு நாய்கூட இல்லை! 'திறந்தாச்சு, போதுமா' என்று அவளிடமே கத்தினேன்!"

வாசுதேவன் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், கணிப்பு சரியாத்தானே இருக்கு?"

பாபட் வெகுநேரம் சிரித்தார். "இதுக்கு ஒரு பைசா கிடையாது. ஆனா ஒன்று கேட்கிறேன். கடை மூடியிருப்பது எங்களுக்குக் கஷ்டமே இல்லை. உங்களை மாதிரி ஆட்கள் போன் பண்ணி எழுப்புவதுதான் கஷ்டம். ஒன்றிலிருந்து நான்கு வரை கடை போன் அடிக்காமல், அதுவே பதில் சொல்லும்படி பண்ண முடியுமா? பண்ணினால் எங்கள் தெரு முழுக்க வாங்கும்."

முடிந்தது. அன்று சாயங்காலமே, இட்லி வெந்து இறங்குவதற்குள் முடிந்தது. உள்நுழையும் பக்கம் இல்லை, கறுப்புத் திரை இல்லை. வாசுதேவனின் குரலில் ஒரே ஒரு மராட்டி வாக்கியம், கோதை திருத்திக் கொடுத்தது. மாதக் கடைசியில் இருபத்தாறு கடைகள் சேர்ந்தன. ஆனால் யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அதில் வேலை எதுவும் இல்லை. அது வேலை செய்யும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் தூங்கினார்கள். ஆகவே ரஞ்சன்காவுக்கும் அந்த வெள்ளிக்கிழமையே அவர் சரி என்று எழுதிவிட்டிருந்தார்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், மத்தியானம் இரண்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போன் வந்தது.

"ஏன்னா, அந்த மிக்ஸி வாஷர் இன்னும் வாங்கவே இல்லை. கானேட்கருக்குப் போன் போட்டேன்."

"எடுத்தாரா?"

"நீங்கதான் எடுத்தேள். நாலு மணிக்கு மேல வாங்கோன்னேள்."

"அப்போ நாலு மணிக்கு மேல போயேன்."

"அது மிஷின் சொல்றது. நீங்க ஒரு தடவை அவருக்குப் போன் பண்ணி, நிஜமா திறந்திருக்கான்னு கேட்டுச் சொல்லுங்கோளேன்."