கரையான் என்று சொன்னேன்

என் அக்காவின் கல்யாண மணைகளை நான் ரம்பத்தால் அறுத்தேன். அவள் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். இரண்டில் எது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு, மந்தைவெளி வீட்டு பால்கனியில் நானே மரவேலை கற்றுக்கொண்டேன். முதலில் செருப்பு ஸ்டாண்ட், பிறகு ஓர் அலமாரி. அடுத்து பலா மரத்தில் எழுது மேஜை செய்யும் ஆசை வந்தது. பலா இழைத்தவுடன் மஞ்சளாக இருக்கும். வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். ஆனால் நான் வாங்கிவந்த பலகை ஒரு கோடைக்குள் வளைந்துபோனது. ஈரம் காயாத மரம். மறுபடி மரக்கடைக்குப் போனேன்.

"இன்னா சார் பண்றது, பலா பூரா பச்சையாத்தான் கீது. வூட்டுல பழசு எதுனா கெடந்தா அத்த அறுத்துக்கோ," என்று கடைக்காரர் சிரித்தார்.

வீட்டில் பழசு இருந்தது. அக்கா வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறாள். பெருமழைக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால், அவளும் அத்திம்பேரும் கல்யாணத்தன்று உட்கார்ந்த இரண்டு பலா மணைகளை எங்கள் பரணில் வைத்திருந்தாள். இறக்கி, ஓரத்தில் இழைப்புளியை லேசாக ஓட்டினேன். மரத்தின் ரேகை நேராக ஓடியது, முடிச்சே இல்லை. அத்திம்பேர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இனி இவளுக்கு மணை எதற்கு என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் அறுத்தேன்.

"அக்காகிட்ட கேட்டேளா?" என்றாள் என் மனைவி.

"கேட்டாச்சு."

மணைகளை மேற்பலகையாக வைத்த மேஜை நன்றாகவே வந்தது. பார்த்தவர்கள் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்கள்.

பிறகு அக்காவின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா போன் செய்தாள்.

"டேய், அந்த மணையெல்லாம் எடுத்துண்டு வாடா. கொழந்தை அதுலதான் உக்காரணும். 'பாட்டி, மேடையில நீ என் பக்கத்துல நிக்கணும்'னு வேற அவ பிடிவாதம் பிடிக்கறா. சரின்னுட்டேன்." குரலில் கூச்சமும் சந்தோஷமும் இருந்தன.

"கரையான் அரிச்சுடுத்துக்கா."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"சரி, விடு," என்று வைத்துவிட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

தி. நகர் மண்டபத்தில், முகூர்த்த நேரத்தில் அவளை மேடையில் காணவில்லை. தேடிப் போனேன். உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பேத்தி ஆள்மேல் ஆள் அனுப்பியும் வரவில்லையாம்.

"மணையே மக்கிப் போயிடுத்து. நான் முன்னாடி வந்து நிக்கப்படாதுன்னு பகவானே சொல்லிட்டார். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள்.

வெளியே கெட்டிமேளம் கொட்டியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மண்டபத்தில் என் மானம் போகும் என்று வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு மேஜையைப் பிரித்தேன். துண்டுகளைப் பசையிட்டு ஒட்டி, இழைத்து, ஒரு மணை செய்தேன். எவ்வளவு தேய்த்தும் ஒட்டு தெரிந்தது. அதை வேளச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அறுக்கும்போது அவளைப் பற்றி என்ன நினைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் மணையைப் பார்க்கவே இல்லை.

"அப்போ கரையானே இல்லையா?"

"இல்ல."

"பின்ன நான் எதுக்குடா உள்ள உக்காந்துண்டிருந்தேன்?"

காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பேத்திக்குக் குழந்தை பிறந்து பெயர் வைத்தார்கள். அதற்கு அக்கா போனில் என் மனைவியை மட்டும் வரச் சொன்னாள். போய்விட்டு வந்த மனைவி புடவை மாற்றும் முன்பே சொன்னாள்.

"அக்காதான் கொழந்தைய மடியில வெச்சுண்டு எல்லாருக்கும் முன்னாடி உக்காந்திருந்தா. காதுல பேர் சொன்னதும் அவதான்."

"என்னைப் பத்தி யாராவது கேட்டாளா?"

"எல்லாரும் கேட்டா. நீங்க ஊர்லயே இல்லேன்னு அக்கா சொல்லிட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.