தட்டில் இருந்த பெயர்

பத்து காஜா பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், என் தாய்மாமா ஒரு புளுகர் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, அதை ஒளிப்பானேன்.

மாமாதான் எங்கள் தோட்டத்துத் தெம்மாங்குப் பாட்டுக்காரர். திருவிழாவோ கல்யாணமோ, அவர் பாட்டில்லாமல் நடக்காது. ஆனால் அவர் மனம்விட்டுப் பாடியது மரத்தடியில்தான். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும்போது அவருக்கு ஒரு நிரை மரங்கள், அடுத்த நிரை அம்மாவுக்கு. நான் அம்மாவின் பின்னால் பால் வடியும் மங்குகளைத் துடைத்துக்கொண்டே போவேன். அந்த அரை வெளிச்சத்தில் ஆள் தெரியாது. மாமா ஒரு மரத்தில் ஓர் அடி பாடுவார். அடுத்த மரத்துக்கு நகரும்போது, மாடு ஓட்டுகிறவரைப் போல நாக்கை ஒருமுறை தட்டுவார். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எத்தனையாவது மரத்தில் நிற்கிறார் என்று அம்மா சொல்லிவிடுவாள்.

ஒருமுறை அவர் மூன்று நாள் காணாமல் போனார். திரும்பி வந்து, ஈப்போவில் ஓர் ஓட்டல் அறையில் வெள்ளைக்காரன் வைத்திருந்த பாட்டுப் பிடிக்கும் குழாய்க்கு முன்னால் நின்று பாடியதாகவும், தன் பாட்டு சீக்கிரமே இசைத்தட்டாக வரப்போவதாகவும் சொன்னார். யார் நம்புவார்கள்? கள்ளுக்கடையில் விழுந்து கிடந்திருப்பான் என்றார் அப்பா. காம்பாரில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று நாங்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் அடித்துச் சொன்னார்கள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதெல்லாம் தட்டு வந்துவிட்டதா என்று யாராவது கேட்பார்கள், களமே சிரிக்கும். மாமா தலைகுனிந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது.

பல மாதங்கள் கழித்து, தட்டு வந்தேவிட்டது. ஈப்போ கடையிலிருந்து மாமா அதைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல எடுத்துவந்தார். தோட்டத்தில் பாட்டுப்பெட்டி இருந்தது ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் வாசலில் லயமே கூடியது. பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட, மாமாவின் மானம் போவதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். தாப்பா பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்த மாதம்தான் எங்களிடம் வந்திருந்த புதுக் கங்காணிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தட்டின் நடுவில் ஒட்டிய தாளைக் கிராணி உற்றுப் பார்த்தார். தமிழ்ப் பாட்டு என்று மட்டும் இங்கிலீஷில் எழுதியிருப்பதாகவும், பாடியவர் பெயர் இல்லை என்றும் சொன்னார். கூட்டத்தில் அப்போதே ஒரு சிரிப்பு எழுந்தது.

முள் உட்கார்ந்தது. மெலிந்த, மூக்கடைத்த குரல் ஒன்று வந்தது. மாமாவின் குரலில் பாதிகூட இல்லை. ஆனால் முதல் அடி முடிந்ததும் நாக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. மரத்தடியில் நான் தினமும் கேட்ட அதே சத்தம். பக்கத்தில் அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள்.

பாட்டு முடிந்ததும் அந்தக் குரல், தன் பெயர் வேலாண்டி என்று கணீரென்று சொல்லி ஓய்ந்தது. தட்டில் பாடுகிறவர்கள் கடைசியில் தம் பெயரைச் சொல்வது வழக்கம் என்று கிராணி விளக்கினார். தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் மாமாவின் பெயர் வேலாண்டி அல்ல. நாங்கள் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதும் இல்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் புதுக் கங்காணி ஒருவர்தான். அவர் தட்டை இன்னொருமுறை வைக்கச் சொல்லிவிட்டு, பாட்டு ஓடும்போது பெட்டியைப் பார்க்காமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா சொன்னேன் லா. எவனோ பாடுன தட்டு" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

"என் தம்பி கொரல் எனக்குத் தெரியாதா? இது அவன் இல்ல" என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூடப் பிறந்தவளே இப்படிக் கைவிடலாமா? நான் அம்மாவின் கையை உதறிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"மாமாதான் பாடுனாரு. மரம் மாறும்போது இப்படித்தான் நாக்கைத் தட்டுவாரு. இப்ப தட்டச் சொல்லுங்க, தெரியும்."

கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். புதுக் கங்காணி எழுந்து வந்து, என் முன்னால் குந்தி, வீட்டில் மாமாவை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தேனொழுகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைத் தரதரவென்று லயத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பெரட்டில் மாமாவின் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. தீட்டிய கத்தி எங்கள் வீட்டுக் கதவோரம் சாத்தியிருந்தது. அவர் பாடிய இரண்டாவது தட்டு எதுவும் எந்தக் கடைக்கும் வரவில்லை. மானம் தாங்காமல் போய்விட்டார், அம்மாவின் நாக்குதான் அவரைத் துரத்தியது என்று நான் பல வருஷம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். நான் பிறக்குமுன் அவளும் மாமாவும் தாப்பா பக்கத்தில் இருந்தபோது, அங்கே வேறொரு கங்காணி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். மாமாவிடம் இருந்தது பால்வெட்டும் கத்தி. அந்தக் கங்காணிக்கு அதன்பிறகு வலது கை விளங்கவில்லை. போலீஸ் தேடிய ஆளின் பெயர் வேலாண்டி; தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் தெரிந்த பெயர், அங்கிருந்து வந்த புதுக் கங்காணிக்கும். பெயரை மாற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்தில் ஒளிந்திருந்தவர், பாட்டு நன்றாக அமைந்த பூரிப்பில், குழாயின் முன்னால் அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே நினைவில்லையாம்.

இதில் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. கன்னம் எரிந்தாலும், அத்தனை பேரில் மாமாவை நம்பினவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு தூங்கிப்போனேன்.