வெறும் பட்டியில் எழுந்த புகை

என் மனுசன் யாக்கோப்புக்குப் பொய் சொல்லவே வராது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் தள்ளுவண்டி சேர்க்கும் வேலை. ஷிப்ட் முடிந்தால் நேரே ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வாய் ஓயாமல் திட்டினாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்தச் சாதுவைக் கட்டி மேய்ப்பது பெரிய வேலையா என்று நானே நக்கல் அடித்திருக்கிறேன். என் நினைப்பில் மண் விழுந்தது.

மன்னாரில் அவர் கடற்கரையோரம் மாட்டுப்பட்டி வைத்திருந்தார். அருள்நேசன் இந்தியாவிலிருந்து படகில் சேலை கடத்துகிறவன். இரண்டு பேருக்கும் என்மேல் கண். ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. நான் அருள்நேசனைத்தான் விரும்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பைத்தியமாக விரும்பினேன்.

பின்னேரம் மாடுகள் பட்டிக்கு வந்ததும் நுளம்பு கடிக்காமலிருக்கப் பச்சை இலை போட்டுப் புகை மூட்டுவார்கள். கரையில் நேவி நின்றால் மாடுகளை அந்தப் பக்கம் கொண்டுவர மாட்டார்கள். அதனால் புகை தெரிந்தால் பயமில்லை என்று கடத்தல்காரர் கரைக்கு வருவார்கள்.

2004இல் ஒருநாள், அருள்நேசனுக்கு அக்கரையில் மனைவியும் பிள்ளையும் இருப்பது தெரியவந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்று பின்னேரம் அவன் படகு வரவிருந்தது; நேவி பனைகளுக்குள் பதுங்கி நின்றது. பட்டி வெறுமையாகக் கிடந்தது. நான் ஓடிப்போய்ப் புகையை மூட்டினேன். புகையை நம்பிக் கரைக்கு வந்தவனை நேவி பிடித்தது; நாலு வருடம் மறியலில் அடைத்தார்கள். பொறாமையில் யாக்கோப்புதான் செய்தார் என்று ஊர் கதைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் அவரையே கட்டினேன்.

போன ஞாயிறு வால்தம்ஸ்டோ தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தலை நரைத்த அருள்நேசன் எங்கள் முன்னால் வந்து நின்றான்.

“யாக்கோப்பு, உன்ரை வாயாலை கேக்கோணும். அண்டைக்குப் புகை போட்டது நீதானே?”

“ஓம். நான்தான்.”

அருள்நேசன் அவரை ஓங்கி அறைந்தான். மண்டபமே பார்த்தது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கேட்டேன். “ஏனப்பா பொய் சொன்னீங்கள்?”

“வெறும் பட்டிக்கு எந்தப் பட்டிக்காரன் புகை போடுவான்? நீ அங்கையிருந்து ஓடினதைக் கண்டனான்.”

“தெரிஞ்சுகொண்டோ என்னைக் கட்டினீங்கள்?”

“ஓம்.”

இத்தனை வருடம் நான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த மனிதர், எல்லாம் தெரிந்துகொண்டு என் திட்டையும் ஊர்ப் பழியையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். அவர்மேல் வந்த கோபத்தையும் என்மேல் வந்த அருவருப்பையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. எழுந்து பெல்லை அழுத்தினேன்.

“எங்கை போறாய்?”

“திரும்பிப் போறன். அந்த அடி எனக்கு விழவேண்டியது.”

கையைப் பிடித்தார். உதறிவிட்டு இறங்கினேன்.

மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அருள்நேசன் வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“புகை போட்டது நான்.”

அவன் கையை ஓங்கவில்லை. பக்கத்திலிருந்த கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டான்.

“நீயா, இசபெல்?” என்றான்.